மலைத்தேனும் மூடிய கார் கதவும்

தேங்காய் நார்ப் புகையும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசனை...

இன்றைக்கும் கோயிலில் எங்காவது மூக்கில் பட்டால் எனக்குப் பக்தி வருவதில்லை. ரீங்காரம் கேட்கிறதா என்று மேலே பார்க்கிறேன்.

அப்போது நான் சினிமாத் தயாரிப்பாளர் ஆகியிருக்கவில்லை. ஒரு ஸ்டுடியோவில் எக்ஸிக்யூட்டிவ். வயது இருபத்தெட்டு, தலைக்கனம் அறுபது. ஜவ்வாது மலையில் ஷூட்டிங் இழுத்துக்கொண்டே போகிறது, போய் முடித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள்.

காட்சிக்குப் பனிமூட்டம் வேண்டும். இரண்டு நாளாக வெயில் பல்லைக் காட்டியது. புகை போடச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் புகை என்றால் தட்டில் நெருப்பு, நார், சாம்பிராணி. எங்கள் யூனிட்டில் அது ஏகாம்பரத்தின் வேலை. கண்ணமங்கலத்துக்காரர்.

பக்கத்தில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த மலையூர்க்காரர் காசியம்மா ஓடி வந்தார்.

"சார், பொகை போடாதீங்க. மேல பாறையில தேன் கட்டிக்கீது. ஈ கலைஞ்சா ஒருத்தரையும் வுடாது."

"ஷூட்டிங் பார்க்க வந்தா ஓரமா நின்னு பாருங்கம்மா" என்றேன். வாய்க்கொழுப்பு!

ஏகாம்பரம் தயங்கினார். "இன்னா சார், அந்தம்மா சொல்றது..."

"நீங்க போடுங்க."

போட்டார். புகை அழகாகத்தான் ஏறியது.

முதலில் சத்தம். ஜெனரேட்டர் என்று நினைத்தேன். அப்புறம் பாறையிலிருந்து ஒரு கறுப்பு அப்படியே பிரிந்து எங்கள் மேல் இறங்கியது.

ஓடினேன். அம்பாசிடருக்குள் பாய்ந்து, கதவைப் பூட்டி, கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி ஏற்றினேன். புகைத்தட்டில் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டு, கடைசியாக ஓடி வந்த ஏகாம்பரம் அந்தக் கண்ணாடியைத் தட்டினார்.

"சார்! தொறங்க சார்!"

முகமெல்லாம் ஈ.

நான் திறக்கவில்லை. பூட்டிய கதவையே இரண்டு கையாலும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பயம் என்றால் அப்படியொரு பயம்.

காசியம்மாதான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, அவரைத் தரையில் தள்ளி, அதே கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

ஏகாம்பரத்தை ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். இரண்டு நாள் அவர் கண் திறக்கவில்லை. பிழைக்க வேண்டுமே என்று பயம். பிழைத்து நாலு பேரிடம் சொல்லிவிடுவாரோ என்றும் பயம். வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் வீங்கிய இமை கொஞ்சம் பிரிந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே சார்?"

அவ்வளவுதான் கேட்டார்.

அப்புறம் ஸ்டுடியோவை விட்டேன். சொந்தமாகப் படம் எடுத்தேன். ஓடியதும் உண்டு, ஊத்திக்கொண்டதும் உண்டு. எல்லாப் படத்திலும் ஏகாம்பரம் இருந்தார். பனிமூட்டத்தைக் கம்ப்யூட்டரிலேயே போட ஆரம்பித்த பிறகும் அவருக்கென்று ஒரு வேலை வைத்திருப்பேன். பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். பயம்தான். என்றைக்காவது கேட்டுவிடுவாரோ...

போன மாதம் லொகேஷன் பார்க்க மறுபடி அதே மலை. அதே பாறை. ஏகாம்பரம் காரிலிருந்து முதலில் இறங்கிக் கதவைச் சாத்தினார். என் விரல் தானாகப் போய் லாக் பட்டனை அழுத்தியது.

'டக்'.

அவர் திரும்பினார். குனிந்து கண்ணாடியைத் தட்டினார். முகத்தில் சிரிப்பு.

"இன்னா சார்... இன்னிக்காவது தொறப்பீங்களா?"

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அந்தக் கேள்வி வர. அன்றைக்குக் கண்ணாடி ஏற்ற ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். இப்போது ஒரு பட்டன் போதும். பயம் மட்டும் அன்றைக்கு இருந்த அதே பயம்.

திறந்தேன். இறங்கினேன். மேலே பாறையில் தேனடை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.