கூப்பிட்டால் நிற்கிறவள்

ஜூஜுவாடியில் விடிகிற நேரத்தில் ஒரு பெண் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாள். ஓடுவதற்காகவே ஒருத்தி ஓடுவாள் என்று இங்கே யாருக்கும் தோன்றாது. எல்லாரும் ஏதோ ஒரு ஷிப்டுக்குப் போகிறவர்கள், எல்லாரும் ஏதோ ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பதறியவர்கள். ஆகவே ஓடுகிறவளைப் பார்த்துவிட்டுச் சும்மா போக யாருக்கும் மனசு வராது.

ரஞ்சிதா மாட்டிக்கொண்டது இந்த நல்ல மனசுக்காரர்களிடம்தான்.

நாகரசம்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். செல்போன் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஷிப்டு முழுக்க ஒரே இடத்தில் நின்று திருகாணி முடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கால் சும்மா இருக்காது. படுத்தாலும் பாயை உதைத்துக்கொண்டே இருக்கும். “காலைக் கட்டிப் போட்டாத்தான் நான் தூங்க முடியும்” என்பான் கணவன் கௌதம். அவன் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் போலீஸ் வேலை. எழுத்துத் தேர்வை இரண்டு முறை தாண்டிவிட்டாள். போன முறை ஓட்டத்தில் கோட்டைவிட்டாள், அதுவும் மயிரிழையில். இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் திருகாணிதான்.

ஓடுவதற்கு இந்தப் பக்கம் மாதிரி ஊர் கிடையாது என்றுதான் யாரும் சொல்வார்கள். மேடு பள்ளம் இல்லாத மண், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே நேராகப் போகிற தார் ரோடு. ஓடிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஓடினாள். அத்திப்பள்ளிப் பக்கமிருந்து பால் கொண்டு வருகிறவர் வண்டியை நிறுத்தி, “பஸ் ஹோய்த்தாம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார். சரி என்று ரோஜாத் தோட்டத்துப் பாதைக்கு மாறினாள். அங்கே பூப் பறிக்கப் போகிற அம்மா, “பஸ்ஸு போயிந்தா?” என்று தெலுங்கில் உச்சுக்கொட்டினாள். வீடே இல்லாமல் கல் மட்டும் நட்டு, அலங்கார வளைவு வைத்த ஒரு நகருக்குள் புகுந்தாள். அந்த நகரில் குடியிருந்தது நாய்களும் பிரகாஷ் என்கிற மனை புரோக்கரும்தான். அவர் பைக்கில் கூடவே வந்து, “மூலை மனை ஒண்ணு இருக்குது, பாக்கிறியாம்மா?” என்றார்.

இதில் முனிவேல் அண்ணன்தான் மோசம். அவள் போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவரே அவர். அவளுக்குப் பகல் ஷிப்டு இல்லாத நாளிலும் பஸ்ஸை ஓரங்கட்டிக் கதவைத் திறந்துவிடுவார். “ஏறு பாப்பா, என்னாத்துக்கு இந்த ஓட்டம்?” உள்ளேயிருந்து நாற்பது முகம் எட்டிப் பார்க்கும். அவள் நின்று, மூச்சு வாங்கி, சிரித்து, பதில் சொல்லி அனுப்புவாள். மறுபடி ஓட ஆரம்பித்தால் கால் கல்லாகக் கனக்கும். இத்தனை பேர் அக்கறையில் அவள் ஒரு நாள்கூட ஒரே மூச்சாக ஓடியதில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவன் கௌதம்தான். போன முறை அவள் ஓடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன். ஒரு நாள் அவள் சோறு போடும்போது சொன்னான்.

“பின்னாடி எவனோ விசில் ஊதினான். நீ வேகத்தைக் கொறச்சிட்ட.”

“நானா?”

“யாரு கூப்பிட்டாலும் நிக்கிற பழக்கம் உனுக்கு. கூப்பிடாட்டியும் நிக்கிற.”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. மறுநாளிலிருந்து நிற்பதில்லை என்று முடிவுகட்டினாள். பால்காரர் கேட்டார், ஓடினாள். பூக்கார அம்மா கேட்டாள், ஓடினாள். முனிவேல் அண்ணன் ஹாரன் அடித்துக் கதவைத் திறந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸைத் தாண்டிப் போனாள். குற்றம் செய்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் ஊரே பேசியது. “போலீஸ் ஆவறதுக்கு முன்னாடியே திமிரப் பாரு” என்று பஸ்ஸில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. முனிவேல் அண்ணன் ஹாரன் அடிப்பதை நிறுத்திக்கொண்டார். அவள் வேலைக்கு ஏறும்போதும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் இப்போது கல் நட்ட நகரை ஒரே மூச்சில் சுற்றி வந்தாள். காது இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஓடக் கற்றுக்கொண்டாள்.

தேர்வு நாளில் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றவள் சௌமியா, காவேரிப்பட்டினத்துப் பெண். முதுகில் நம்பர் துணியைக் குத்த ஊக்கு இல்லாமல் ரஞ்சிதா முழித்தபோது, தன் சுடிதார் ஷாலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அவளே குத்தியும் விட்டாள். “பயமா கீதுக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரையும் ஒரே அணியில் ஓடவிட்டார்கள்.

கடைசி வளைவில் ரஞ்சிதாவின் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம். கூடவே, “அக்கா...” என்று ஒரு குரல்.

யார் குரல் என்று அவளுக்குத் தெரியும். கால் நிற்கவில்லை. நிற்காமல் இருக்கத்தானே இத்தனை நாள் அதைப் பழக்கினாள். கோட்டைத் தாண்டினாள். தேறியவர்கள் வரிசையில் போய் நிற்கச் சொன்னார்கள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வரிசையில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் சௌமியா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பணியாரமாக வீங்கியிருந்தது. அவளுக்கு வயது இருக்கிறதா, இன்னொரு வாய்ப்பு உண்டா என்று கேட்க நினைத்தாள் ரஞ்சிதா. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்கவில்லை. பக்கத்தில் குந்தி, முதுகிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

சௌமியா வாங்கிக்கொண்டாள். அதை ஷாலில் குத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“நான் கூப்பிட்டேனேக்கா. கேக்கலயா?”

“கேக்கலம்மா” என்றாள் ரஞ்சிதா.

“ஆமா. ஒரே சத்தம்” என்றாள் சௌமியா.

அந்த வளைவில் அப்போது சத்தமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.