யூ-லானின் தாய்வீடு

லியாவ் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து:
2009 நவம்பர் 21: பெண்வீட்டுக்குக் கொடுத்த சீர்ப்பணம், 3,60,000 தைவான் டாலர்.
2012 ஜூன் 4: பிரசவச் செலவு, 14,200.
2015 மே 12: பையனின் ரத்தப் பரிசோதனை, 18,500.

சீர்ப்பணம் கொடுப்பதற்கு முன் லியாவ் தியான்-ஃபூ ஒரு போகம் முழுக்க விசாரித்தார். சீலுவோவின் லியாவ் வம்சத்தாருக்கு உயிரோடு இருக்கும்வரை குடும்பப் பெயர் லியாவ், கல்லறையில் ஜாங். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த ஜாங் முன்னோன் ஒருவன் லியாவ் மாமனாருக்குக் கொடுத்த வாக்கு அது. ஒரே குடும்பப் பெயருக்குள் கல்யாணம் ஆகாது; ஆகையால் லியாவிலும் பெண் எடுக்கக் கூடாது, ஜாங்கிலும் எடுக்கக் கூடாது. யூ-லானின் அப்பா சுங், அம்மா ஸு. ஊர், ஆற்றுக்கு அக்கரை. பழுதில்லை என்று தலையசைத்தார். மகன் ஜின்-ஷானுக்குக் கட்டிவைத்தார்.

யூ-லான் காய்கறி ஏலச்சந்தையில் முட்டைக்கோஸைத் தரம் பிரிக்கிறவள். "உன் கோஸைவிட உன் தலை கெட்டியா இருக்குய்யா" என்று வியாபாரிகளிடம் வாயாடுவாள். வீட்டில் குரல் உயர்த்தமாட்டாள். மாமனாருக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பையன் ஆ-ஷெங் மூன்று வயதை நெருங்கியும் உட்காரவில்லை. வலிப்பு வேறு. தைச்சுங் மருத்துவமனையில், மரபணு ஆலோசகர் மிஸ் கோ, கேட்காத சங்கதியும் இந்தப் பரிசோதனையில் தெரியவரலாம் என்று முன்னதாகவே சொல்லியிருந்தாள். வேறு ஏதோ வியாதியைச் சொல்கிறாள் என்று நினைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முடிவு வந்த அன்று மிஸ் கோ கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க ரெண்டு குடும்பத்துக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?"

ஜின்-ஷான் சிரித்தான். "எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது. ஜாங்னு பேர் போட்ட கடையில உப்பு வாங்கக்கூட ரெண்டு தடவை யோசிப்பாரு."

மிஸ் கோ சிரிக்கவில்லை. "பையனுக்கு அப்பாகிட்டேருந்து வந்ததும் அம்மாகிட்டேருந்து வந்ததும் பல இடத்துல அச்சு அசல் ஒண்ணாவே இருக்கு. தூரத்து உறவுன்னா இவ்வளவு இருக்காது. கூடப்பிறந்தவங்களோட பிள்ளைங்க அளவுக்கு நெருக்கம். யார் வழியாங்கறது இதுல தெரியாது."

"மெஷின் தப்பா சொல்லாதா?" என்றான் ஜின்-ஷான்.

"மறுபடியும் பார்த்துட்டுதான் கூப்பிட்டோம்."

"அப்ப இவன் நோய்க்கு நாங்கதான் காரணமா?" என்றாள் யூ-லான்.

"நீங்க செஞ்ச தப்பு எதுவுமில்ல. ஒரே பழுது ரெண்டு பேருக்குள்ளயும் மறைஞ்சு கிடந்திருக்கு. இன்னொரு குழந்தைன்னா நாலுல ஒரு பங்கு பயம் இருக்கு." கோப்பை மூடி வைத்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். இந்த நெருக்கத்துல பண்ணின கல்யாணம் சட்டப்படி செல்லாது. நான் யாருக்கும் எழுதி அனுப்பப் போறதில்ல. யார்கிட்ட சொல்றது, சொல்லாம விடறதுங்கறதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அவசரப்படாதீங்க."

திரும்பும் பேருந்தில், "மாமாகிட்ட மட்டும் வேண்டாம். என்னை வெளிய அனுப்பிடுவாரு" என்றாள் யூ-லான். சரி என்றான். ஆனால் ஜின்-ஷானுக்கு எதையும் மனதில் வைத்துக்கொண்டு சோறு இறங்காது. சாப்பாட்டில் கேலிபோல ஆரம்பித்தான்.

"தைச்சுங் மெஷின் எங்க ரெண்டு பேரையும் சொந்தக்காரங்க ஆக்கிடுச்சுப்பா."

கிழவர் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டு யூ-லானிடம் திரும்பினார். "உங்கம்மாவைப் பெத்தது ஸு வீட்டுலதானா?"

யூ-லானுக்குப் பொய் வரவில்லை. "இல்ல மாமா. அவங்க அங்க வளர்ப்புப் பொண்ணு. பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து கூடையில வந்தாங்களாம். எந்த வீடுன்னு கேக்கவே கூடாதுன்னு பேச்சாம்."

"அப்ப எனக்கு ஏழு வயசு. அந்தக் கூடைக்குப் பின்னாடி பாலம் வரைக்கும் ஓடினேன்" என்றார் அவர்.

ஊரெல்லாம் விசாரித்தவர் அந்தக் கூடை போய்ச் சேர்ந்த வீட்டை மட்டும் விசாரிக்கவில்லை. கொடுத்துவிட்ட பெண் கொட்டிய தண்ணீர் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு. போன வீட்டின் பெயரே அவள் பெயர். சொந்தத் தங்கையையே அவர் கணக்கில் வைத்திருக்கவில்லை. சில தேசங்களில் அத்தை மகளைக் கட்டுவதே முறை என்பார்கள். சீலுவோவில் அது கல்யாணமே இல்லை.

"யாருக்கும் தெரியாம இருந்துடலாம் மாமா."

"ஊருக்குத் தெரியாது." பூஜை மேடையிலிருந்த முன்னோர் பலகையைக் காட்டினார். "அவங்களுக்குத் தெரியும். மகன் பெண்டாட்டின்னா அதுல உன் பேர் ஏறும். எங்க வீட்டு ரத்தம்னா, நீ இங்கயே பிறந்த பொண்ணு மாதிரி, பிறந்த பொண்ணு பேர் அதுல ஏறாது. உன் பேரை எப்படிம்மா அதுல எழுதறது?" குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புக் கேட்டு நீதிமன்றத்துக்கு மனு எழுதப்பட்டது. மகன் கையெழுத்துப் போடும்வரை கிழவர் சோற்றைத் தொடவில்லை.

"போட்டுட்டீங்களா?" என்று யூ-லான் கேட்டாள்.

"அப்பா பட்டினி கிடக்கறாரு."

"கிடந்தவரைப் பார்த்தீங்க. சரி."

நீதிமன்றம் பரிசோதனைக்குக் கேட்ட ரத்தத்தை இருவரும் ஒரே நாளில் போய்க் கொடுத்தார்கள். வரிசையில் அவள் பையனை மடியில் வைத்திருந்தாள். ஜின்-ஷான் அவன் வாயைத் துடைத்துவிட்டான். தீர்ப்பு எதிர்பார்த்தபடிதான் வந்தது. பையனை எப்படித் தூக்கினால் வலிப்பு வராது என்பது அவளுக்கு மட்டும் பழக்கம் என்பதால் அவன் அவளோடு அக்கரைக்குப் போனான். யூ-லானின் அம்மா வாசலில் நின்றிருந்தாள். "என்னைக் கொடுத்தாங்க. உன்னைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்றாள்.

அடையாள அட்டையில் கணவன் பெயர் இருந்த இடம் வெறுமையாக்கப்பட்டுவிட்டது, புதிய அட்டையை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று குடும்பப் பதிவு அலுவலகம் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எந்தக் கடிதமும் இல்லை. அந்த அலுவலகக் கடிதம் வந்த நாள்: 2016 மார்ச் 17, வியாழக்கிழமை.