விசில் டீச்சரின் அடக்கம்

பெண்கள் பள்ளி ஒன்றில் இருபது வருடமாக விளையாட்டு ஆசிரியையாக இருந்த அவளை எல்லோரும் விசில் டீச்சர் என்றுதான் அழைத்தார்கள். உடம்பில் எந்தத் தசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு பெண் தப்பாகக் குனிந்தால் மைதானத்தின் மறுகோடியிலிருந்தே விசில் பறக்கும். ஆனால் ஒன்பது வருடமாக அவள் மட்டும் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை.

இரண்டாவது மகள் நாலேகால் கிலோ எடையில், ஆயுதம் போட்டு இழுத்தெடுக்கப்பட்டவள். அதிலிருந்து தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும். "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம், வெளியே சொல்லிட்டுத் திரியாதே" என்றாள் அம்மா. சகஜமானதை எதற்கு மறைக்க வேண்டும் என்று இவளும் கேட்கவில்லை.

மறைப்பதே ஒரு முழுநேர உத்தியோகமாகிவிட்டது. கறுப்பு பேண்டைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. நாள் முழுக்க இரண்டே டம்ளர் தண்ணீர். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள். அது ஏதோ புது ஸ்டைல் என்று எட்டாம் வகுப்பில் பாதிப்பேர் காப்பியடித்தார்கள். தலைமையாசிரியை அறிக்கையில் 'நிதானம் கூடியிருக்கிறது' என்று எழுதினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவனுக்கோ பெருமை தாங்கவில்லை. "முன்னாடி நீ சிரிச்சா தெருவே திரும்பிப் பார்க்கும். இப்ப எவ்வளவு அடக்கமாயிட்டே!" எதை அடக்குகிறாள் என்பது அவளுக்கல்லவா தெரியும்.

விளையாட்டு விழா ஒத்திகையில்தான் குட்டு உடையப் பார்த்தது. கயிறு தாண்டத் தெரியாமல் தடுமாறிய ஒருத்தி, "டீச்சர், வாயால சொன்னா வரமாட்டேங்குது. ஒரு தடவை குதிச்சுக் காட்டுங்க" என்றாள். நாற்பது பேர் கைதட்டினார்கள். மானப் பிரச்சினையாகிவிட்டதால் கயிற்றை வாங்கிக் குதித்தாள். பன்னிரண்டு வரைக்கும் தாக்குப்பிடித்தது. பதின்மூன்றாவதில் விட்டுவிட்டது.

கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கத்து மேசையிலிருந்த பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "அப்பப்பா, என்ன வெயில்!" என்றாள். வானம் மூடிக் கிடந்தது. பெண்களுக்கு அதெல்லாம் எதற்கு? ஆளுக்கொரு பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டம் போட்டார்கள். மாடியிலிருந்து பார்த்த தலைமையாசிரியை அன்று சாயங்காலமே மெமோ அனுப்பினார்: 'மைதானத்தில் நீர் சிந்தியதற்கு விளக்கம் தேவை.'

எந்த நீரைச் சொல்கிறார்? மூன்று தடவை படித்துப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை. அந்த வாரமே அரைநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெண்களுக்கான சிறுநீர்ப் பிரிவு இரண்டாவது மாடியில், நடைவழியின் கடைசியில் இருந்தது. ஓரத்து நாற்காலியில் ஒருத்தி பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். செருப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியை!

"நான் எங்க அண்ணிக்கு டோக்கன் போட வந்தேன்" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"நானும் எங்க அண்ணிக்குத்தான் மேடம்."

அப்போது நர்ஸ் கதவைத் திறந்து, "ஏழாம் நம்பர்! எத்தனை தடவை பாத்ரூம் போனீங்கன்னு எழுதச் சொன்னோமே, நோட்டு கொண்டாந்தீங்களா?" என்று கத்தினாள். தலைமையாசிரியை அண்ணியை அங்கேயே விட்டுவிட்டு நோட்டோடு எழுந்து போனார்.

இவள் முறையும் வந்தது. பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் இவளைவிட இருபது வயது சின்னவள். "மூத்திரப்பையைக் கீழேயிருந்து தாங்கற தசை, தொட்டில் துணி மாதிரி. அது தொங்கிப்போச்சு. காத்துப் பிரியாம அடக்கற மாதிரி உள்ளே இழுங்க" என்றாள். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலமாக இழுத்தாள்.

"டீச்சர், நீங்க மேலே தூக்கலை, கீழே தள்றீங்க. மூச்சையும் விட மாட்டேங்கறீங்க."

ஊருக்கெல்லாம் தசை திருத்தியவளுக்கு உச்சந்தலை சுட்டது. நான்காவது முயற்சியில்தான் சரியாக வந்தது. தினம் மூன்று வேளை இந்தப் பயிற்சி. தும்மலுக்கு முன்னால் ஒரு இறுக்கு. தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை உறுத்தும், அதனால் தாராளமாகக் குடிக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம். ஒன்பது வருடம் ஒளிந்து திரிந்ததற்கு மூன்று மாதம்தானா வைத்தியம் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தான். "சகஜம்னு சொல்லியிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் ஆசிரியையும் தலைமையாசிரியையும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி இழுத்தார்கள், விட்டார்கள். "மேடம், மூச்சு" என்று இவள் அதட்டுவாள். அவரும் உடனே மூச்சை விடுவார். மெமோவைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. அதற்கு விளக்கமும் போகவில்லை.

நான்காவது மாதம் கயிறு தாண்டினாள். ஐம்பது வரை ஒன்றும் ஆகவில்லை. அதற்குமேல் முழங்கால்தான் வலித்தது. பலமான ஜலதோஷம் பிடித்தால் இன்னமும் ஒரு சொட்டு போகும்தான். அதற்கெல்லாம் இப்போது அவள் காலைப் பின்னுவதில்லை.

அந்தப் பருவத்தில் பள்ளியில் தலைமையாசிரியையின் புது உத்தரவு வந்தது: இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை, ஆசிரியைகளுக்குத் தரைத்தளத்திலேயே கழிப்பறை. காரணம் என்ற இடத்தில் 'நிர்வாக வசதிக்காக' என்று எழுதியிருந்தது. ஆசிரியைகள் அறையில் ஒருவரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. முதல் இடைவேளையில் வரிசை வராந்தா வரைக்கும் நீண்டது.