பந்தலில் கட்டியிருந்த அவரைக் கொத்து

இன்று காலை வாய்க்காலோரத்து என் அவரைப் பந்தலில் யாரோ ஒரு கொத்தைக் கட்டியிருந்தார்கள். அதில் அசுவினிப் பூச்சிகள் பழுப்பாக உப்பிக் கிடந்தன.

பக்கத்து வீட்டு ஜெபமேரி வேலைதான். என் மகன் துபாய் கிளம்பிய அன்று எட்டிக்கூடப் பார்க்காதவள்.

கொத்தை அடுப்பில் போட்டுவிட்டு வேலியோரம் நின்று கத்தினேன். "என் கொடிக்குச் சீக்கு வைக்கிறியாடி?"

"அதெல்லாம் செத்த அசுவினி, அக்கா. அதுக்குள்ள பொடிக் குளவி இருக்கு. வெளிய வந்து உங்க கொடியில உள்ள அசுவினியையும் ஒழிச்சிடும். அதுக்குத்தான் கட்டுனேன்."

அவள் கொடியில் உயிரோடு ஒரு பூச்சிகூட இல்லை.

இன்னொரு கொத்தை நீட்டினாள். நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாங்கிக் கட்டினேன். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

குளவி வெளியே வருவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, சொல்லுங்கள். துபாய் பேச்சை எடுக்காமல்.