எனக்கு வாய்த்த சக்களத்தி

வெள்ளையம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்துக்கு அவள் வந்த நாள் முதலே எனக்கும் அவளுக்கும் ஆகாது. இத்தனைக்கும் கன்னியம்மாள் யார் வம்புக்கும் போகிறவள் இல்லை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வம்புதான் என் கட்டிலைத் தேடி வந்தது.

2003 மழைக்காலத்தில் அவளும் உண்ணாமலையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அடி அண்ணாமலையில் சேர்ந்து இட்லிக்கடை வைத்திருந்தவர்கள். திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-ல் ஆரம்பித்த கடை; பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் பெருகப் பெருக நன்றாகவே ஓடியது. வெள்ளையம்மாள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. உண்ணாமலை, புருஷன் வேண்டாம் என்று வந்தவள். யார் கேட்டாலும் வெள்ளையம்மாளிடம் ஒரே பதில்தான்: "அக்கா தங்கச்சிங்க." வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் அதுதான், ரேஷன் கடையிலும் அதுதான். உண்ணாமலைக்குப் பார்வை போன பிறகு கடையை மூடிவிட்டு இங்கே வந்தார்கள். ஆபீசிலும் பழக்க தோஷத்தில் அதையே சொல்லிவைத்தாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். எங்கள் இல்லத்தின் பின்பக்கம் இரண்டு கட்டில் போட்ட அறைகள் உண்டு. அவை புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும். அக்கா தங்கச்சி என்றால் பொது ஹால்தான். படி ஏறக்கூடிய வெள்ளையம்மாளை மாடி ஹாலில் போட்டார்கள். கண் தெரியாத உண்ணாமலைக்குக் கீழே என் பக்கத்துக் கட்டில்.

உண்ணாமலை தங்கமானவள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன், காபி ஆற்றிக் கொடுத்தேன், கை பிடித்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். நான் அடிக்கும் அரட்டைக்கு வாய்விட்டுச் சிரிப்பாள். என் பேச்சுக்குச் சிரிக்க ஒருத்தி கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

விடிந்ததும் வெள்ளையம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து எங்கள் கட்டில்களுக்கு நடுவே நின்றுகொள்வாள்.

"யாரு உன்ன வகிடு எடுக்கச் சொன்னாங்க? அவளுக்கு நடுவகிடு எடுத்தா தலைவலி வரும்."

"அவளே சும்மா இருக்கா. உனக்கு இன்னா வலிக்குது?" என்பேன்.

நான் ஆற்றிவைத்த காபியைக் கொட்டிவிட்டு வேறு வாங்கி வருவாள். உண்ணாமலை என்னோடு சிரித்துப் பேசிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் கடுகடுத்த முகத்தைப் பார்க்க எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருக்கும். வேண்டுமென்றே இன்னும் ஜாஸ்தியாகச் சிரிக்க வைப்பேன்.

ஒரு மத்தியானம், உண்ணாமலைக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று தொடங்கிய சண்டையில் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. மேலாளர் அப்பாதுரை ஓடி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"தெனம் இதே ரோதனையாப் போச்சு," என்று வெள்ளையம்மாள் மேல் பாய்ந்தார். "இன்னொரு தடவ சண்டை வந்துச்சு, உங்கள வேலூர்ல இருக்கிற நம்ம இல்லத்துக்கு மாத்திடுவேன். தங்கச்சி இங்கயே இருக்கட்டும்."

உண்ணாமலை தட்டிலிருந்து கையை எடுத்து வெள்ளையம்மாளைத் துழாவினாள். ஜெயித்துவிட்டேன் என்றே நான் நினைத்தேன். அதோடு விட்டிருந்தால் அவர் பேச்சு எடுபட்டிருக்கும். திரும்பிப் போகிறபோது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"இன்னாம்மா இது, சக்களத்திங்க மாதிரி!"

கூடமே சிரித்தது. வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை.

"சார், இப்ப இன்னா சொன்னீங்க?"

"சும்மா தமாசுக்குச் சொன்னேம்மா."

"இல்ல சார், சரியாத்தான் சொன்னீங்க. இவ சக்களத்தின்னா நான் யாரு? மூத்த சம்சாரம். உண்ணாமலை எனக்குத் தங்கச்சி இல்ல. அப்படிச் சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டிட்டோம். அவளுக்கு நான், எனக்கு அவ. பின்னாடி புருஷன் பொண்டாட்டிக்குன்னு வச்சிருக்கீங்களே, அந்த ரூம எங்களுக்குக் குடுங்க. வேலூருக்கு அனுப்பறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்து அனுப்புங்க."

அப்பாதுரை தட்டுத் தடுமாறி, "உண்ணாமலையம்மா, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"இவ்ளோ வருஷம் கழிச்சு இப்பத்தான் வாயத் தொறந்து நெஜத்தச் சொல்லியிருக்கா," என்றாள் உண்ணாமலை. அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"மத்தவங்க ஒத்துக்கணுமேம்மா," என்று அவர் இழுத்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒருத்தி கூடாது என்றால் போதும், பாதிப் பேர் என்னோடு சேர்ந்துகொள்வார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உண்ணாமலை என் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளையம்மாளின் குரல் வந்த திசையிலேயே முகத்தை வைத்திருந்தாள்.

"குடுத்துத் தொலைங்க சார்," என்றேன். "கண்ணு தெரியாதவ யாரத் தேடறான்னு உங்களுக்குமா தெரியல?"

அறை கிடைத்தது. சிலர் முணுமுணுத்தார்கள், ஒரு அம்மாளை அவள் மகன் வேறு இல்லத்துக்கு அழைத்துப் போய்விட்டான். வெள்ளையம்மாள் அசரவில்லை. இப்போது ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு, சேர வருகிறவர்களை முதலில் அவள்தான் விசாரிக்கிறாள். "கூட யாரு? வெக்கப்படாம சொல்லிடு. இல்லேன்னா பிரிச்சு வச்சிடுவாங்க." செய்யாற்றிலிருந்து வந்த வயதான அரவாணி ஒருத்தியை ஆண்கள் ஹாலில் போடப் பார்த்தபோது, அந்த வாசலை விட்டு நகராமல் வாதாடிப் பெண்கள் ஹாலில் இடம் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதை மட்டும் மறுக்க மாட்டேன்.

நானும் குடும்பம் நடத்தியவள்தான். ஊரைக் கூட்டித் தாலி கட்டிய என் புருஷன் சகாதேவன், நான் யாரோடு சிரித்துப் பேசுகிறேன் என்று கண்ணை மூடுகிற வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் சந்தேகப்படாததை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் பின்பக்கம் நடந்தால் அந்த அறையில் இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டிருப்பது தெரிகிறது. எனக்கு வயிறு எரிகிறது. என் தலையைக் கண்டதும் வெள்ளையம்மாள் எழுந்து வந்து கதவைப் படாரென்று சாத்துகிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் தினமும் போகிறேன்.