நெல் தொட்டியில் ஒரு ஞானஸ்நானம்

"இன்னைக்கே செத்துப்போனா நீங்க நேரா மோட்சத்துக்குப் போவீங்களா?"

இப்படி யாராவது உங்கள் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருக்கிறார்களா? நான் கேட்டிருக்கிறேன். அதுவும் யாரிடம்? பெற்ற அப்பாவிடம். போன வருஷம் கோடையில், புதுவயலில் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் கறிச்சோறு சாப்பிடும்போது. நல்லி எலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். சரியான நேரம் பார்த்துக் கேட்டேன்.

அப்பா எலும்பை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, கூரையைக் காட்டினார். "அதை நான் எப்டித்தா சொல்ல? அவருல சொல்லணும்."

"எனக்கு உறுதியாத் தெரியும்ப்பா. நான் போவேன்."

"யாரு சொன்னா?"

"பைபிள் சொல்லுது. விசுவாசிச்சா இரட்சிப்பு. அம்புட்டுத்தான்."

அப்பா எலும்பைக் கீழே வைத்துவிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், விஷயம் சீரியஸ் என்று. "ஏத்தா, பரிட்சை எழுதுன புள்ளையே தனக்குத்தானே மார்க் போட்டுக்கிற முடியுமா? பேப்பர் திருத்துறவருல போடணும்?"

"பரிட்சையை அவரே நமக்காக எழுதிப் பாஸ் பண்ணிட்டாருப்பா. அதான் மேட்டரே. நாம நம்பினாப் போதும்."

"அப்ப நீ பரிட்சைக்கே போகமாட்ட?"

"தேவையே இல்ல."

"படிக்காமப் பாஸாகணும்னு நினைக்கிற புத்தி ஒனக்குக் காலேஜுலயே இருந்துச்சே. அதான் அம்புட்டு அரியரு."

அம்மா சிரித்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டிலேயே, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "நான் ஞானஸ்நானம் எடுக்கப்போறேன். முழுக்கு ஞானஸ்நானம்."

சிரிப்பு நின்றுபோனது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம். அப்பா தண்ணீர் லாரி வைத்திருக்கிறார், இரண்டு வண்டி. கோவில் திருவிழாவில் மாதா சப்பரம் கிளம்பினால் முன்கட்டையில் அப்பாவின் தோள்தான் முதலில் இருக்கும். நான் இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டலில் ரூம்மேட் ஒருத்தி ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துப்போனாள். சத்தியமாகச் சொல்கிறேன், சுண்டல் கொடுப்பார்கள் என்றுதான் போனேன். ஆனால் அங்கே கேட்ட ஒரு விஷயம் என்னை ஆட்டிவிட்டது. சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு பயம் உண்டு. சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோவில் படி இறங்கும்போதே அடுத்த பாவம் ஆரம்பித்துவிடும். மறுபடி முதலிலிருந்து கணக்கு. இதில், மிச்சப் பாவத்துக்குச் செத்த பிறகு வெந்து தீர்க்க உத்தரிக்கிற ஸ்தலம் வேறு. நான் எந்த ஊர் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன் என்றே தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். இந்த ஜெபக்கூட்டக்காரர்கள் என்னடாவென்றால், டிக்கெட் எடுத்தாச்சு, ஊர் பேரும் தெரியும், சும்மா உட்கார் என்றார்கள். அன்றைக்கு ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்.

இதை அப்பாவிடம் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, "குழந்தையில எனக்கு ஊத்துனது ஞானஸ்நானமே இல்லப்பா. எனக்கு அப்ப விசுவாசமே கிடையாதே" என்று வேறு சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

அப்பா கை கழுவினார். நேராக ஹாலுக்குப் போய் மாதா படத்தின்மேல் கை வைத்தார். "மாதா மேல சத்தியம். முங்குனவ இந்த வீட்டு முன்வாசல் ஏறக் கூடாது."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அப்பா சத்தியம் பண்ணுகிற ஆளே கிடையாது, பண்ணினால் மீறவும் மாட்டார். ஒருமுறை பீடியை விடுகிறேன் என்று அதே படத்தில் கை வைத்தார். பிறகு எங்கள் தெருவில் பீடி நாற்றம் வந்தால்கூட வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனவர்.

அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அம்மாவிடம், "ஒம் மகளுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். அம்மாவும் என்னைப் பார்த்து, "ரசம் வேணுமாடி?" என்பார். நான் "வேணும்னு சொல்லுங்க" என்பேன். வெளியிலிருந்து பார்த்தால் காமெடி. உள்ளுக்குள் ராத்திரி தூக்கம் வராது. முங்கினால் வீடு போகும். முங்காவிட்டால் நான் நம்புவதே பொய் என்று ஆகிவிடும்.

முங்குவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் சபை புதுவயல் ரோட்டில், மூடிப்போன ஒரு ரைஸ்மில்லில் நடக்கிறது. மில் ஓடிய காலத்தில் நெல்லை அவிப்பதற்கு முன்னால் ஊறப்போடுவார்களே, அந்தச் சிமெண்ட் தொட்டிதான் எங்கள் ஞானஸ்நானத் தொட்டி. ஞானஸ்நானத்துக்குக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு போய் நின்றால், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் காயில் எரிந்துபோயிருந்தது.

பாஸ்டர் கோயம்புத்தூர்க்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "பக்கத்துலதான் அருமையா ஒரு குளம் இருக்குதுங்களே, படிக்கட்டெல்லாம் போட்டு? அங்க போயிடலாம்" என்றார் கூலாக.

சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி அலறிவிட்டான். "பாஸ்டர்! அது ஊருணி! குடிக்கிற தண்ணி! அதுல கால் வச்சா ஊரே கெளம்பி வந்துரும். நம்ம எல்லாரும் இன்னைக்கே மோட்சத்துக்குப் போக வேண்டியதுதான்!"

"நமக்கென்ன, உறுதிதானே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சரி.

தம்பி டீக்கடையில் ஒரு நம்பர் வாங்கி, தண்ணீர் லாரிக்குச் சொன்னான். யாருடைய லாரி என்று நான் கேட்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருந்தோம். மூன்றாவது பாட்டில் ரோட்டில் ஹாரன் சத்தம். நான் பாட்டை நிறுத்திவிட்டேன். நான் நடை பழகிய காலத்திலிருந்து கேட்கும் ஹாரன் அது!

கேட்டுக்குள் லாரி நுழைந்தது. கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா. ஸ்டியரிங்கில் அப்பா.

இறங்கினார். என்னைப் பார்த்தார். சுடிதாரைப் பார்த்தார். தொட்டி ஓரம் போய் எட்டிப் பார்த்தார். உள்ளே பாசி, சருகு, செத்த பல்லி ஒன்று.

"இதுலயா முங்கப் போறீக?" என்றார் பாஸ்டரிடம். "நெல்லுக்கூட இதுல ஊறாது."

"இல்லீங்க, கழுவிடறோம்..."

"வெளக்குமாறு எங்க இருக்கு?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். தம்பியும் பின்னாலேயே இறங்கினான். நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். அப்பா தம்பியைப் பார்த்து, "அந்தப் புள்ளைய அங்குட்டுப் போகச் சொல்லு. துணி அழுக்காகும்" என்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் இப்போது அம்மா இல்லை, கீபோர்டுத் தம்பி! அவனும் சின்சியராக என்னிடம், "அக்கா, துணி அழுக்காகுமாம்" என்றான்.

தேய்த்து முடித்து அப்பா மேலே வந்தார். ஓஸ் குழாயை எடுத்துத் தொட்டியில் விட்டார். அப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் செய்வதையே செய்தார். வால்வில் கை வைத்து, கண்ணை மூடி, சிலுவை அடையாளம் போட்டார். திறந்தார். தண்ணீர் பாய்ந்தது.

தம்பி பாஸ்டர் காதருகே போனான். அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. "பாஸ்டர், மாதா படம் போட்ட வண்டி, அவரு சிலுவை வேற போட்டுட்டாரு. ஆர்.சி. முறைப்படி மந்திரிச்ச மாதிரி ஆயிருமே. வேற லாரி சொல்லிருவமா?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "வேற லாரி வந்தா நான் எறங்கமாட்டேன்!" என்று கத்தினேன். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. "இந்தத் தண்ணின்னா முங்குறேன். இல்லைன்னா நீயே முங்கிக்க!"

பாஸ்டர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். "யாரும் சண்டை போட வேண்டாமுங்க. தண்ணியில ஒண்ணும் இல்ல. இரட்சிக்கிறது தண்ணி இல்ல, விசுவாசம். இது ஒரு அடையாளந்தானுங்க."

அப்பா திரும்பினார். "தண்ணியில ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு ஒரு லோடு கூப்டீக?"

பாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே தொடர்ந்தார்.

"அடையாளத்துக்குப் பன்னெண்டாயிரம் லிட்டரா? எங்க கோவில் சாமியாரு இந்தப் புள்ளைக்கு ஒரு செம்புல முடிச்சாரு. ஊறப்போட்டாச்சு, அடுத்து அவிக்கவும் போறீகளா?"

முதலில் சிரித்தது பாஸ்டர்தான். அப்புறம் மொத்த மில்லும் சிரித்தது. தகரக் கூரையில் புறாக்கள் படபடவென்று கிளம்பின. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஓஸைச் சுருட்டிக்கொண்டு லாரிப் பக்கம் போனார்.

நான் தொட்டியில் இறங்கினேன். கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. பாஸ்டர் கேட்டதற்கெல்லாம் "ஆம், விசுவாசிக்கிறேன்" என்றேன். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உள்ளிருந்து வந்தது. சாய்த்தார்கள். காது மூடியது. அந்தத் தண்ணீருக்குள்ளேயே லாரி ஸ்டார்ட் ஆகிற அதிர்வு எனக்குத் தெரிந்தது. போகிறார். போய்விட்டார்.

மேலே வந்தேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள், பாடுகிறார்கள், யாரோ துண்டு போர்த்துகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பறக்கலாம் போல இருந்தது. அதே சமயம் கேட் பக்கம் பார்க்கப் பயம். மோட்சம் நிச்சயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியவில்லை.

பார்த்தேன். லாரி போகவில்லை. திருப்பி, ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடதுபக்கக் கதவு திறந்திருந்தது.

சொட்டச் சொட்ட ஓடினேன். "ஏறு" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"முன்வாசல் ஏறக் கூடாதுன்னு சத்தியம் பண்ணீங்க."

"லாரிக்கு ஏதுடி முன்வாசல்? ஏறுத்தா, சீட்டு நனைஞ்சா நனையட்டும்."

நெல் மூட்டை லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பண்ணது தப்புதான். அதுல எனக்கு மாத்தம் இல்ல. ஒரு தடவை ஊத்துனா ஊத்துனதுதான். தெனம் ஜெபமாலையில ஒனக்குன்னு தனியா வேண்டப் போறேன்."

"நானும் உங்க இரட்சிப்புக்காக தினமும் ஜெபம் பண்றேன்ப்பா."

"பண்ணு. ரெண்டு பக்கமும் போகட்டும். எது போய்ச் சேருதோ சேரட்டும்." அப்புறம் சேர்த்துக்கொண்டார்: "ஆனா மாதாவைப் பத்தி எதாச்சும் பேசுன, இங்கனயே எறக்கி விட்டுருவேன்."

எங்கள் தெரு வந்தது. லாரி நிற்காமல் தாண்டி, பின்பக்கச் சந்துக்குள் திரும்பியது. அந்தச் சந்தில் வேன் நுழைவதே கஷ்டம். கண்ணாடி ரெண்டையும் மடக்கிவைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக் கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு, எங்கள் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மாடு கட்டியிருந்த காலத்துக்குப் பிறகு யாரும் திறக்காத கதவு அது. திறந்திருந்தது. வாசல் தெளித்துப் பெருக்கி, பெரிசாக ஒரு கோலம். அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"சத்தியம் முன்வாசலுக்குத்தான்" என்றார் அப்பா. இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார்.

நான் தலை துவட்டும்போது அம்மாவிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி ஓட்டும் டிரைவர் அண்ணன் இன்றைக்கு லீவா என்று. "அவனா? காலையில வந்து சாவியை எடுத்துட்டான். 'மில்லு சபைக்கு ஒரு லோடு'ன்னு சொன்னான் பாரு, ஒங்கப்பா அவன் கையில இருந்து புடுங்கிட்டுப் போனாரு. எம்புள்ள முங்குற தண்ணி, நான்தான் பார்த்து ஊத்தணும்னாரு. என்கிட்ட மட்டும், பின்கதவைக் கழுவி வைன்னு சொன்னாரு."

எங்கள் வீட்டில் இரட்சிப்பைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு, நான் சபைக்கு. மதியம் கறிச்சோற்றில் மறுபடி ஆரம்பிக்கும். நான் வசனம் எடுப்பேன், அவர் அரியரை எடுப்பார். நான் நம்புவதை விடவில்லை, அவரும் விடவில்லை. சத்தியத்தையும் விடவில்லை. ஆனால் உன்னோடு ஒத்துக்கொள்ளாத ஒருத்தர் உனக்காக எவ்வளவு குறுகலான சந்துக்குள்ளும் லாரியை ஓட்டுவார் என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பின்வாசல் சந்தில் இருட்டில் எனக்குக் கால் இடறுகிறது என்று, அப்பா இப்போது ஸ்டூல் போட்டு ஏறி அங்கே பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.