ஒரு தீர்ப்பும் சொல்லாத ஆளை நான் நாற்காலியில் உட்கார வைத்தது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, அடுத்தவர் கம்பெனியில் திரி வெட்டி, இன்று நாரணாபுரம் ரோட்டில் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறேன். இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சரியாகச் சொல்வதில்லையே.

எங்கள் சிறு முதலாளிகளுக்குள் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக மாட்டோம். எங்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே படியவில்லை என்றால் என்னிடம் வரும். எனக்கு மேலே ஆள் கிடையாது. ‘சுப்ரீம் கோர்ட் அண்ணாச்சி’ என்று கேலி பேசுவார்கள். கேலி என்று தெரிந்தும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கொஞ்ச காலமாக அலுப்பாக இருக்கிறது. யார் வந்து என்ன சொன்னாலும் போன வருடம் கேட்டது போலவே இருக்கிறது. அவர்கள் பேசி முடிக்கும் முன்பே தீர்ப்பு என் வாயில் வந்து நிற்கிறது.

அந்த அலுப்போடு இருந்தபோது வந்ததுதான் சேவல் தகராறு. நாரணாபுரத்தில் ஒருவர், சின்னக் கம்பெனிக்காரர், தன் புஸ்வாணப் பெட்டியில் சைக்கிள் ஓட்டும் சேவல் படம் போடுவார். வடக்கே அந்தச் சேவலைச் சொல்லித்தான் ஆர்டர் வரும். திருத்தங்கலில் இன்னொருவர் அதே சேவலை மோட்டார் சைக்கிளில் ஏற்றி லேபிள் அடித்துவிட்டார். ஆர்டரெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சீசன் போனால் நாரணாபுரத்துக்காரர் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். திருத்தங்கல்காரர் யாரென்றால் என் சம்பந்தி. என் மகள் வாழ்கிற வீடு அது.

நான் உட்கார முடியாது. என் இடத்துக்கு ஓர் ஆளை நானே சொல்ல வேண்டும். யாரைச் சொன்னாலும் அவர் என் ஆள் என்பார்கள்.

அன்றைக்கு டிவியில் ஒரு செய்தி. ஒருநாள்கூட ஜட்ஜாக இருந்திராத ஒருவரை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே நீதிபதியாகச் சொல்லியிருக்கிறார்களாம். என் மகனுக்குக் கோபம்.

“கீழ ஒரு கேசுகூடத் தீர்க்காத ஆளக் கொண்டு போயி உச்சியில உக்கார வைக்காகளே, இது நாயமாப்பா?”

“நான் என்னத்தப் பாத்துட்டுலே கம்பெனி ஆரம்பிச்சேன்?”

“அப்ப உங்க நாக்காலிக்கும் அப்படி ஒரு ஆளச் சொல்லுங்க, பாப்போம்.”

சொன்னேன். ரிட்டையரான ஒரு நர்சம்மா பெயரைச் சொன்னேன்.

சர்க்கரையில் என் கால் விரல் கறுத்துப் போய் விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் எல்லோரும் ‘சரியாகிவிடும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விரலை எடுக்கப் போகிறார்கள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் அந்த அம்மா ஒருவர்தான். பாதியை மட்டும் எடுத்தால் போதாதா என்று பேரம் பேசினேன். “முழுசாத்தான் அய்யா எடுக்கணும்” என்றார். எடுத்தார்கள். இன்று நடக்கிறேன்.

முதலாளிகள் கூட்டத்தில் அதைச் சொன்னதும் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணாச்சி, தோத்தவனுக்கு ஊசி போடவா கூப்பிடுறீக?” என்றார் ஒருவர். நர்சம்மாவும் தயங்கினார். “பட்டாசும் தெரியாது, பஞ்சாயத்தும் தெரியாது எனக்கு.” எங்கள் ஆட்களில் யாரும் உங்களுக்குச் சொந்தமில்லை, அது போதும் என்றேன்.

எங்கள் வழக்கம் என்னவென்றால், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, ஆளுக்குப் பாதி என்று முடித்துவிடுவது. நானும் அப்படித்தான் முடித்துவந்தேன். யாரும் சண்டையோடு போனதில்லை. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைக்கச் சொன்னார்.

“இந்தச் சேவல் உங்களுக்கு எங்கருந்து கெடச்சது?”

“சேவல் எல்லாரு வீட்லயும்தான்மா நிக்கி” என்றார் சம்பந்தி.

“எல்லாரு வீட்டுச் சேவலும் வண்டி ஓட்டாதே.”

சம்பந்தி தன் பெட்டியைத் திருப்பி வைத்தார். படம் நாரணாபுரத்துக்காரருக்கே, மற்றவர் அடித்த லேபிளையெல்லாம் உடனே கிழித்துவிட வேண்டும் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். முதலில் உட்கார்ந்து பேசிப் பார்த்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் மெல்ல, “தாயீ, இந்த வருசம் இவரு, அடுத்த வருசம் அவருன்னு வச்சுக்கலாமே” என்றார். “படம் இவருதுன்னா எதுக்கு அவருக்குப் பாதி?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார் அந்த அம்மா.

தீர்ப்பு சரிதான். ஆனால் லாரியில் ஏற்றிய லோடையும் இறக்க வைத்துவிட்டார். நானாக இருந்தால் ஏற்றினது போகட்டும் என்று விட்டிருப்பேன். தோற்றவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு வார்த்தையாவது மிச்சம் வைக்க வேண்டும். அது உட்கார்ந்து உட்கார்ந்து வருவது. இறக்கிய பெட்டிகளில் சேவலை மறைத்து, சம்பந்தி கம்பெனிப் பெண்கள் வேறு லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தார்களாம்.

மகள் போன் செய்தாள்.

“அப்பா, இங்கன யாரும் என்கூட மொகங் குடுத்துப் பேச மாட்டேங்காக. நீங்க ஒரு வார்த்த சொன்னா தீர்ப்பு மாறுமாம்ல?”

“மாறும்.”

“சொல்லுவீகளா?”

“மாட்டேன்மா.”

வைத்துவிட்டாள். லாரியிலிருந்து இறக்கிய லோடுக்காவது விலக்குக் கொடுக்கலாம் என்று இரண்டு பெரியவர்களும் வந்து சொன்னார்கள். ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். நாரணாபுரத்துக்காரருக்கு அப்போதுதான் ஆர்டர் திரும்ப ஆரம்பித்திருந்தது. முடியாது என்றேன். இனிமேல் அந்த அம்மாவே நாற்காலியில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அந்த அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“உங்க மக வீட்ல நான் போயிப் பேசட்டுமாய்யா?”

“தீர்ப்புச் சொன்னவுக போகக் கூடாது. ஆளச் சொன்னவன் நான். நான்தான் போகணும்.”

திருத்தங்கல் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. எழுந்து இடம் கொடுக்கிற அளவுக்கு எனக்கு வயதாகிவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். விரல் இல்லாத காலோடு நின்றுகொண்டே போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை. சம்பந்தி உள் அறையில் இருந்தார்; டிவி ஓடும் சத்தம் கேட்டது. “அவுக வர மாட்டாகப்பா” என்றாள்.

“வராட்டிப் போகுது. நான் இருக்கேன்” என்றேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.